சுவருக்கு இந்தப் பக்கத்து ஸ்டேஷன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், சரக்கு வண்டி எஞ்சினுக்கு மட்டும் மூக்கு உடைந்திருக்கிறது, அந்த விவரம் பின்னால் வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்பும் மனசும் தெம்பாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, இதற்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் நீ, "அப்பா இருக்காரா, குடும்மா" என்பாய். அப்புறம் அவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். தலையாட்டுவது போனில் கேட்காது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் பேனாவை எடுத்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு முதுகு வலி என்றாயே, அந்தப் புதைகிற மெத்தையை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் விரிப்புப் போட்டு நாலு நாள் படுக்கச் சொல். நீயும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவதை விடு. போன தடவை வீடியோவில் பார்த்தேன், தட்டு காலியான பிறகும் ஸ்பூன் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வீட்டை விற்றுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் உன்னோடு வந்து இருந்துவிட வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டிருப்பது இன்று நேற்றல்ல. போன ஞாயிறு, "அப்பா பக்கம் லைன் கிளியர்னா சொல்லும்மா, டிக்கெட் போட்டுடறேன்" என்றாய். எல்லாரும் சொல்கிற மாதிரி போகிற போக்கில்தான் சொன்னாய். ஆனால் இந்த வீட்டில் அது போகிற போக்கில் சொல்கிற வார்த்தை இல்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் இந்த ரயில் வளர்ந்த கதையை நீ முழுசாகக் கேட்க வேண்டும், ஹாஸ்டலுக்குப் போன பிறகு உனக்கு அது துண்டு துண்டாகத்தான் தெரியும்.

ஆரம்பம் உனக்கு மறந்திருக்காது. உன் பிறந்த நாளுக்கு என்று சொல்லி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், உள்ளே வட்டமாகத் தண்டவாளம், ஒரு எஞ்சின், சில பெட்டிகள். பிறந்த நாள் உனக்கு, ரயில் அவருக்கு. நீ கையை நீட்டினால் விரலெல்லாம் பிசுக்கு, போய்க் கழுவிக்கொண்டு வா என்பார், கழுவிக்கொண்டு வருவதற்குள் நீ தூங்கும் நேரம் ஆகியிருக்கும். அவரையும் குறை சொல்ல முடியாது. பஸ் டிப்போவில் டயம் கீப்பராக உட்கார்ந்து, எந்த பஸ்ஸும் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்பதை எழுதி எழுதியே ரிட்டயர் ஆன மனுஷர், உலகத்தில் ஒரு வண்டியாவது தன் சொல்லுக்குக் கிளம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசை சாப்பாட்டு மேஜையில் குடியேறியது, நாம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நீ ஹாஸ்டலுக்குப் போன வாரமே உன் கட்டில்மேல் பிளைவுட் பலகை ஏறியது. பிள்ளை லீவுக்கு வரும்போது எடுத்துவிடுகிறேன் என்றார். லீவுக்கு வந்து நீ ஹாலில் படுத்தாய். கட்டில் இன்னும் பத்திரமாக இருக்கிறது, மலைக்கு அடியில்.

அந்த மலை, கம்பி வலைமேல் பழைய செய்தித்தாளை மாவுப் பசையில் ஊறவைத்து ஒட்டியது, மழைக்காலத்தில் லேசாக வாடை அடிக்கும். ரோடு முழுக்க உப்புத்தாள். பாலம் என் குடையின் கம்பிகள், நல்ல குடை அது. மரங்களுக்கு இலை வேண்டும் என்று நான் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் பிய்த்துப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனார், அந்த வருஷம் காடு செழித்தது, பாத்திரம் கறுத்தது. ஏரிக்கு வார்னிஷ் ஊற்றினார், அது காய்வதற்குள் ஒரு எறும்பு விழுந்து அப்படியே நின்றுவிட்டது. எடுத்துப் போடுங்களேன் என்றேன். "ஸ்கேல்படி பார்த்தா அது நாய் சைஸு. குளிக்க வந்த நாய்னு வச்சுக்க" என்றார். அந்த நாய் இத்தனை வருஷமாகக் குளித்துக்கொண்டிருக்கிறது. தண்டவாளத்தில் கறுப்புப் படிந்தால் துடைப்பதற்கு உன் பள்ளிக்கூட டப்பாவில் இருந்த அழி ரப்பர் அத்தனையும் தேய்ந்து போயிற்று. எப்போதுதான் முடியும் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான், "இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு."

அதற்கு அப்புறம் வந்தது சுவர். உன் சித்தி வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறேன், என் தையல் அறையில் மிஷினுக்குப் பின்னால் சுவரில் ஓர் ஓட்டை, அதற்குள்ளிருந்து ஓர் எஞ்சின் என்னை எட்டிப் பார்க்கிறது. என்ன கூத்து இது என்றேன். "சுத்திச் சுத்தி அதே எடத்துக்கு வர்றதுக்கு ரயில் எதுக்கு? எங்கயாவது போய்ச் சேரணும்ல" என்றார். போய்ச் சேர்ந்த இடம் என் அறை. என்னைக் கேட்டாரா என்று நீ கேட்காதே. கட்டிலுக்குக் கேட்டாரா, குடைக்குக் கேட்டாரா, சுவருக்கு மட்டும் கேட்க. நியாயமாக நான் பத்து நாள் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஓட்டை போட்ட பிறகு அவருக்கே ஒரு சிக்கல் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய ஸ்டேஷன், அதில் அவர் இருக்கிறார். இந்தப் பக்கம் சின்ன ஸ்டேஷன், இங்கே என்ன நிற்கிறது, எது கிளம்புகிறது என்று அவருக்குத் தெரியாது. நடுவில் சுவருக்குள் ஒற்றை லைன். அதனால் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. அவர் பட்டனை அமுக்கினால் என் பக்கம் மணி அடிக்கும், வண்டி அனுப்பலாமா என்று அர்த்தம். வழி காலியாக இருந்தால் நான் என் பட்டனை அமுக்குவேன், அவர் பக்கம் மணி அடிக்கும், அதுதான் லைன் கிளியர். அது வராமல் வண்டி நகரக் கூடாது. இது அவரே போட்ட சட்டம், நான் போட்டிருந்தால் அன்றைக்கே ரத்தாகியிருக்கும்.

முதல் வாரம் வெங்காயம் நறுக்கின கையோடு ஓடி ஓடி வந்தேன். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. இந்த வயசில் நமக்கு இது தேவையா என்று கத்தினேன். அப்புறம் கத்துவது தானாகக் குறைந்துவிட்டது, ஏன் என்று எனக்கே பிறகுதான் விளங்கியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து வீடு மாறுவதானாலும் சரி, உன்னை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்பதானாலும் சரி, முடிவு செய்துவிட்டு வந்து எனக்குத் தகவல் சொன்னவர் உன் அப்பா. அந்த மனுஷர் இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, போகலாமா என்று என்னைக் கேட்டுவிட்டு, நான் சொல்கிற வரைக்கும் காத்திருந்தார். சில நாள் வழி காலியாகத்தான் இருக்கும், நான் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பேன், இருக்கட்டுமே என்று விட்டுவிடுவேன். மறுபடி மணி அடிக்காமல் காத்திருப்பார். எனக்கு அது பிடித்திருந்தது, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். பிளாட்பாரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆள் வருஷக்கணக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், அவனுக்கு வெயில் படக் கூடாது என்று அட்டையில் கூரை போட்டேன். வெயிட்டிங் ரூமுக்குத் துண்டுத் துணியில் திரைச்சீலை தைத்து மாட்டினேன். ஸ்டேஷன் எல்லைக்குள் நூல் கிடந்து சக்கரத்தில் சுற்றிக்கொள்கிறது என்று எனக்கு ஒரு மெமோகூட வந்தது, அதை மடித்து ஊசி குத்தி வைத்திருக்கிறேன். நீ வந்து இருக்கக் கூப்பிட்டபோதெல்லாம், "அப்பா ரயிலை விட்டுட்டு எப்படிடி வருவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அதில் எவ்வளவு அப்பா, எவ்வளவு நான் என்று நீ யோசித்திருக்க மாட்டாய்.

இப்போது பல் டாக்டர் கதை. வீட்டை விற்க நீ போட்ட விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் வருவார் என்று நீ சொல்லியிருந்தாய், எந்த நேரம் என்று சொல்லவில்லை. அன்று என் பாசஞ்சர் வண்டி ஸ்டேஷனுக்குள் நுழைந்துகொண்டிருந்தது, கடைசிப் பெட்டி இன்னும் சுவருக்குள். அந்த நேரம் பார்த்து அப்பா சரக்கு வண்டியை அனுப்பலாமா என்று கேட்கிறார். நான் பதில் கொடுக்கவில்லை, பெட்டி முழுசாக வெளியே வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்போது மணி அடித்தது. அடித்தது வாசல் மணி. நம் வாசல் மணியும் இந்த இரண்டு மணிகளும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை, மூன்றுக்கும் ஒரே குரல். அவர் லைன் கிளியர் வந்துவிட்டது என்று சரக்கு வண்டியைக் கிளப்பிவிட்டார். சுவருக்குள் டமால் என்று ஒரு சத்தம். நான் கதவைத் திறக்கப் போகிறேன், அவர் ஓட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு, "யாரு உன்ன கிளியர் குடுக்கச் சொன்னா" என்று உள்ளேயிருந்து கத்துகிறார். வாசலில் நின்ற பல் டாக்டர் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார்.

எஞ்சின் பக்கவாட்டில் சாய்ந்து நட்ட நடுச்சுவரில் சிக்கிக்கொண்டது, அப்பாவின் கையும் எட்டவில்லை, என் கையும் எட்டவில்லை. டாக்டர் ஓட்டையைப் பார்த்து, எலியா என்று கேட்டார். டனல் என்றார் அப்பா, கௌரவமாக. நான் பார்க்கட்டுமா என்று டாக்டர் தரையில் முழங்கால் போட்டு, செல்போன் லைட்டை உள்ளே அடித்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "ஆடுது. இழுத்தா வந்துடும்" என்றார். பையிலிருந்து வளைந்த இடுக்கி ஒன்றை எடுத்து, "வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே விட்டார், யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. எஞ்சின் வந்தது, மூக்கு மட்டும் போயிருந்தது. அப்பாவின் முகத்தில் உயிர் வந்தது. பிறகு அந்த டாக்டர் மூன்று தடவை வண்டி ஓட்டிப் பார்த்தார், வீட்டைச் சுற்றிப் பார்த்தது ஒரு தடவைதான். கடைசியில் சொன்னார், வீட்டை எடுத்துக்கொள்கிறேன், ரயிலைக் கழற்றவே வேண்டாம், மலை இருக்கிற பெரிய அறை கிளினிக், தையல் அறை காத்திருக்கிற அறை, வருகிற பிள்ளைகள் ரயிலைப் பார்த்துக்கொண்டு அழாமல் இருப்பார்கள் என்று. இந்தப் பக்கத்துப் பட்டனுக்கு என்ன செய்வீர்கள் என்று அப்பா கேட்டார். "அதுக்கென்ன சார், ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு இருக்கும், அது அமுக்கிடும்" என்றார். அப்பா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சரிங்க டாக்டர், எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

ரயிலை விட்டு வரமாட்டார் என்று நான் இத்தனை நாள் சொன்ன மனுஷர் அன்று மாலையே பரண்மேலிருந்து பயணப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். உன் ஊரில் குளிர் எப்படி, எத்தனை ஸ்வெட்டர் வேண்டும் என்று உன்னையே கேட்டிருப்பாரே. அவருக்கு இனி ஒரு கவலையும் இல்லை, வண்டி ஓடிக்கொண்டிருக்கும், அவர் ஊருக்குக் கிளம்பலாம். அன்றிலிருந்து நான் மணி அடிக்கவில்லை. அவர் கேட்கிறார், என் பக்கம் அடிக்கிறது, நான் பட்டனைத் தொடுவதில்லை. அவர் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளவில்லை, ரிப்பேர் என்று எடுத்துக்கொண்டார். பேட்டரி மாற்றினார். கம்பியைச் சுரண்டி மறுபடி முறுக்கினார். சின்ன ஸ்டேஷனில் ஏதோ கோளாறு, ஒப்படைப்பதற்குள் சரி செய்துவிடுகிறேன் என்று டாக்டருக்குப் போன் செய்து சொல்கிறார். கோளாறு கம்பியில் இல்லை.

நான் வரமாட்டேன் என்று எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே. உன்னைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை இல்லையா, இந்த வீட்டில் உன் கட்டில் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா. நீ கேட்டால் சரி என்று சொன்னாலும் சொல்வேன். காஜா முடியட்டும் என்று கொஞ்ச நாள் காக்க வைத்தாலும் வைப்பேன். ஆனால் கேட்க வேண்டும். டாக்டர் அப்பாவைக் கேட்டார். நீயும் அப்பா பக்கம் லைன் கிளியரா என்றுதான் கேட்டாய், அதுவும் என்னிடமே. கிளம்புகிற ஸ்டேஷன் தனக்குத் தானே லைன் கிளியர் கொடுத்துக்கொள்வது கிடையாது, மறுமுனைதான் கொடுக்க வேண்டும். மறுமுனை கொடுக்காமல் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த எஞ்சினின் மூக்கே சாட்சி. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அப்பா என் மேஜைக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரோடு படுத்துக்கொண்டு, "இப்ப அமுக்கிப் பாரேன்" என்கிறார். கை வேலையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சரி என்று காத்திருக்கிறார்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு நல்லபடியாக வாழ வேண்டும். முதுகு வலிக்குத் தரையில் படுக்கச் சொன்னதை மறந்துவிடாதே. டிக்கெட் போட்டுவிடாதே. வருகிற ஞாயிறு போன் செய்யும்போது நான்தான் எடுப்பேன், அப்பா இருக்காரா என்று கேட்காதே.

இப்படிக்கு,
சின்ன ஸ்டேஷனிலிருந்து,
உன் அம்மா