கொடியில் கிடந்த வேட்டி

மேட்டூர்
12.8.1998

கெடாரில் இருக்கும் அம்மாவுக்குக் கிருஷ்ணவேணியின் வணக்கம். நான் நலம். அப்பாவுக்கு மூட்டுவலி தேவலையா?

"பொண்ணு தனியா இருக்கறது தெரியக்கூடாது, அப்பா வேட்டிய கொடியில போட்டுக்கினே இரு" என்று கொடுத்தாயே, அதில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரியான என் வீட்டுத் துணியையே தின்றிருக்கிறது பக்கத்து அமில ஆலையின் புகை. பயப்படாதே, என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

"எங்க புகை சுத்தம் மேடம்" என்ற மேனேஜரின் மேசையில் வேட்டியை விரித்துவிட்டு, புகைபோக்கியில் ஏறி அளந்தேன். புகையில் அமிலம் அனுமதித்த அளவைப்போல் மூன்று மடங்கு. இப்போது ஆலைக்குப் பூட்டு. புகையைக் கழுவும் இயந்திரத்தைச் சரிசெய்தால்தான் திறக்க விடுவேன்.

கொடிதான் காலியாக இருக்கிறது. பச்சைமுத்து மாமா வரும்போது இன்னொரு வேட்டி கொடுத்தனுப்பு. ஜீப் வந்துவிட்டது, கிளம்புகிறேன். வேட்டி அப்பா கட்டி அவிழ்த்ததாகவே இருக்கட்டும். துவைக்க வேண்டாம்.

உன் மகள்,
கிருஷ்ணவேணி