நூறு மணி நேரம் பாடவேண்டிய ஸ்பீக்கர்

லயனல்,

கீத்லியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போகிறேன். மதியம் உன் நண்பர் நெவில் வருவதற்குள் இதைப் படித்துவிடு. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

பழைய ஸ்பீக்கர்களில் நீ புதுக் கெபாசிட்டர் போட்ட அன்றே, "நல்லாத்தானே இருக்கு" என்றேன். "உனக்கென்ன தெரியும்? நூறு மணி நேரம் பாடினாத்தான் புதுசு பழகும்" என்றாய். இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்து, கம்பளியால் மூடி, பாடவிட்டுவிட்டு தினமும் வேலைக்குப் போனாய். நீ தெருமுனை திரும்பியதும் நான் அணைத்துவிடுவேன். நீ வரும் நேரத்துக்கு மறுபடி போட்டுவிடுவேன். அந்த முனகலை என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பாத்தியா, இப்பத்தான் குரல் தொறந்திருக்கு!" என்றாய். உன் முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. தூக்கமும் வரவில்லை.

நெவிலிடம் இந்த நூறு மணி நேரக் கதையை அளந்துவிடாதே. அவர் வீட்டிலும் என்னைப்போல் ஒருத்தி இருக்கிறாள்.

ஹில்டா

ஓவனுக்குள் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் இருக்கின்றன. இருவருக்கும் போதும்.

பின்கதவுச் சாவி என்னிடம்.

இன்னொன்று: வேலையை நீ அருமையாகத்தான் செய்திருக்கிறாய். முதல் நாளே அதைத்தான் சொன்னேன். நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.