பார்க்காத முடிவுகள்

மார்ச் 2, ஞாயிறு

இல்லை, நான் அழவில்லை. அம்மாதான் அழுதாள். வதைமுகாமில் தையல் வேலை செய்யும் ஒருத்தியைப் பற்றிய படம். மகனுடைய சட்டைப் பொத்தானை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். வரிசையில் நின்று பெயருக்குப் பதிலாகத் தன் எண்ணைச் சொல்லும்போதும் அது அங்கேதான். முள்வேலிக்கு அந்தப் பக்கம் பையன்களை நடத்திக் கூட்டிவருகிற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சும்மா."

"பேரெல்லாம் ஓடவே இல்லையே?"

"பழைய டிஸ்க். அவ்வளவுதான் இருக்கு."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மார்ச் 4

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒரு பெட்டி நிறையப் படங்கள் கொடுத்திருக்கிறார். பாதிக்கு மேல் யூத இனப்படுகொலை பற்றியவை. ஒவ்வொரு டிஸ்க்கிலும் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஓட்டிப் பார்த்து, கீறல் இல்லையென்றால் பதிவு செய்ய வேண்டும். தொடக்கமும் நடுவும் நான். முடிவு, பக்கத்து மேசை நெட்டையன். அண்ணன் போன பிறகு இப்படி ஓர் ஏற்பாடு.

வீட்டுக்கு எடுத்துப் போகும் முன் அவனிடம் கேட்பேன். "பையன் பொழைக்கிறானா?" இல்லை என்றால், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்வான்.

"நீ படம் பாக்குறியா, பரீட்சைக்கு முக்கியமான கேள்விய மட்டும் படிக்கிறியா?"

"அம்மாவுக்காகடா."

"ம்ம்" என்றான். அந்த "ம்ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சிரிப்புப் படம். தொலைந்துபோன நாயை ஊரே தேடுகிறது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று.

இதையும் முன்னாலேயே நிறுத்தினேன். ஏன்? நாய்க்குமா?

மார்ச் 11

அறுபது லட்சம் பேர். திரையில் அவர்கள் சரக்கு ரயிலிலிருந்து இறங்குகிறார்கள். நான் கூட்டத்தில் அண்ணனைத் தேடுகிறேன். மொட்டையடித்த துணை நடிகன் ஒருவனுக்கு அவனுடைய காது. பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன்.

எவ்வளவு கேவலம். அவர்களைத் திட்டம்போட்டுக் கொன்றார்கள். அண்ணனை யாரும் கொல்லவில்லை. அவன் வேலை பார்த்த கப்பல் புயலில் மூழ்கியது. கூட இருந்தவர்களில் சிலருடைய உடல் கரை ஒதுங்கியது. அவனுடையது வரவில்லை. அவ்வளவுதான். ஒப்பிடாதே.

நான் ஒப்பிடவில்லை. தேடுகிறேன். அது இன்னும் மோசமோ?

மார்ச் 13

வாசல் கதவுக்கு இன்றும் தாழ்ப்பாள் போடவில்லை. சாத்துவதோடு சரி. அவன் எந்நேரமும் வரலாம் என்று அம்மா அப்படி விட்டிருக்கிறாள். எதிர்வீட்டுக்காரர் கேட்டார், "திருடன் வந்தா காபி போட்டுக் குடுப்பீங்களா?" அம்மா சிரித்து வைத்தாள். தாழ்ப்பாளப் போட்டுடும்மா என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்காக நானும் ராத்திரியில் எழுந்து போய்ப் பார்க்கிறேன், காற்றில் தாழ்ப்பாள் தானாக விழுந்திருக்கிறதா என்று. காற்றில்!

மார்ச் 16, ஞாயிறு

போருக்குப் பிறகு நடக்கும் கதை. முகாம்களிலிருந்து திரும்புகிறவர்கள் வந்திறங்கும் ரயில் நிலையம். மகனின் பெயர் எழுதிய பலகையோடு ஒரு தாய் நிற்கிறாள். நாளாக ஆக, இறங்குகிறவர்கள் குறைகிறார்கள். நெட்டையன் சொன்ன இடம் வந்தது. ரிமோட்டை எடுத்தேன்.

"இருக்கட்டும், ஓடட்டும்."

"அவ்வளவுதாம்மா, முடிஞ்சி—"

"முடியல. நேத்து நீ கடைக்குப் போனப்பவே பாத்துட்டேன்." என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "எல்லாத்தையும் பாத்துட்டேன். நீ வேலைக்குக் கெளம்பினதும் மிச்சத்தப் போட்டுருவேன். தையக்காரி மகன் செத்துப் போறான். நாய் கெடைச்சிருச்சு. அதையாவது நீ பாத்திருக்கலாம்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"ஒவ்வொரு தடவையும் நீ நிறுத்துற. சரி, இவளுக்கு இன்னும் நாளாகும்போலன்னு விட்டுட்டேன்."

"அப்போ வாசக் கதவு?"

"நீதானடி ராத்திரியெல்லாம் எந்திரிச்சுப் போய்ப் பாக்குற. நான் எப்படி தாழ்ப்பாள் போடுவேன்?"

படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தாய் பலகையைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு, வந்து நின்ற ரயிலில் தானே ஏறினாள்.

"அவன் வர மாட்டான் பாப்பா" என்றாள் அம்மா. பால்காரர் இன்னைக்கு வர மாட்டார்னு சொல்ற மாதிரி. எப்படிம்மா? எப்படி உன்னால அப்படிச் சொல்ல முடியுது? எத்தன நாளா இத வாய்க்குள்ளயே வெச்சிருந்த?

பெயர்கள் ஓடின. கடைசிப் பெயர்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். கதவை அவளும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

மார்ச் 17

தையல்காரியின் டிஸ்க்கை எடுத்து முடிவை நானே ஓட்டினேன். மகன் சாகிறான். முகாம் திறக்கிறது. அவள் பொத்தானை வாயிலிருந்து எடுத்து, துடைத்து, தன் சட்டையில் தைத்துக்கொள்கிறாள். நெட்டையன் என்னைப் பார்த்தான். நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

டிஸ்க்கில் கீறல் இல்லை. பதிவு செய்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் வாசலுக்குப் போனேன். தாழ்ப்பாள் துருப்பிடித்துப்போய் நகரவில்லை. அடுப்படியிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து இரண்டு சொட்டு விட்டு, ஊறும்வரை நின்றேன். பிறகு போட்டேன்.