வரப்புக்கு அடியில் வந்த உப்பு

சென்னை,
1994 ஆடி

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்சம் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே நல்ல சுகம். உங்கள் இருமலும் அம்மாவின் முழங்கால் வலியும் இப்போது தேவலையா?

ஒரு வேடிக்கை சொல்கிறேன், பயந்துவிடாதீர்கள். நான் வேலை செய்யும் வீட்டுச் சின்னப் பெண் ஷோபனாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனை செய்யச் சொன்னார்கள். கண்ணாடித் தொட்டியில் மணல் நிரப்பித் தண்ணீர் ஊற்றினோம். ஒரு பக்கம் குழி தோண்டியதும் கிணறு மாதிரி ஊறியது. நடுவில் மணலுக்கு மேலே களிமண்ணால் நான் வரப்பு வைத்தேன். மறுபக்கம் அவள் உப்புத் தண்ணீர் ஊற்றினாள்.

"உங்க வரப்பு தாங்குமா அக்கா?" என்று சிரித்தாள்.

சாயங்காலம் குழித் தண்ணீரை நாக்கில் வைத்தேன். கரித்தது. வரப்பு உடையவே இல்லை அப்பா. உப்பு அடியிலேயே வந்திருக்கிறது.

நம் வயலை ஒட்டிக் கடல் தண்ணீர் நிரப்ப இறால் பண்ணை வெட்டியவர், "நடுவுல வரப்பு இருக்குல்ல, உங்க கிணத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். நீங்களும் நம்பினீர்கள். அந்தக் காலத்தில் பண்ணையாரை எதிர்த்து ஜெயிலுக்குப் போய் நீங்கள் வாங்கிய நிலம் அது. நாற்றங்காலுக்கு இறைக்கும் முன் தினமும் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். கரித்தால் தனியாகச் சண்டைக்குப் போகாதீர்கள், விவசாயச் சங்கத்து ஆட்களோடு போங்கள்.

அம்மாவிடம் கொஞ்சம் வடகம் கேட்டு அனுப்புங்கள். இங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை.

வீட்டுக்காரம்மா கூப்பிடுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஷோபனா விளையாடப் போன பிறகு, அந்தக் குழியை இறைத்து இறைத்து நல்ல தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். உப்பு போகவே இல்லை.

உங்கள் மகள்,
அம்சம்