கண்ணாடியில் தெரிந்த தண்ணீர்

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவுக்கு முழங்காலைத் தவிர எல்லாம் சுகம், எனக்கு வாயைத் தவிர எல்லாம் சுகம். அங்கே நீயும் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும். கத்தரி பிடித்துப் பழகிய விரல், பேனாவைப் பிடித்தால் எழுத்து தாறுமாறாகத்தான் போகும், சிரிக்காமல் படி. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். அம்மா போட்டால் எடுக்கிறாய், நான் போட்டால் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்புகிறாய். கோபம் நியாயம்தான். அதுவும் இல்லாமல் போனைக் காதில் வைத்தால் எனக்குக் கேலிதான் முதலில் வருகிறது, சொல்ல வந்தது பின்னால் நின்றுவிடுகிறது. நானே சொல்ல வேண்டியது என்று அம்மாவையும் சொல்ல விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், அம்மா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் தெருவுக்குத் தண்ணீர் பார்த்து நீ போட்ட படம் சரி. தப்பு என்னுடையது. அங்கே ஏதோ ஒரு ஊருக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று நீ கொடுக்க வேண்டிய அறிக்கையைக் கொடுக்காமல் வைத்திருக்கிறாயாம். சொந்தத் தெருவுக்கே தப்பாகப் போட்டவள் அடுத்த ஊருக்கு எதைப் போட்டுக் கொடுப்பது என்று அம்மாவிடம் அழுதாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கடையில் கை ஓடவில்லை. பாங்கிக்காரருக்குக் கிருதாவை ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே என்று வைத்துவிட்டேன், பாவம் மனிதர் தலையைச் சாய்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறார்.

நீ லீவுக்கு வந்தபோது நம் தெரு மைதானம் முழுக்க வரிசையாக இரும்புக் கம்பி அடித்து, வயர் மாட்டி, கரண்ட் விட்டுப் பார்த்தாயே, மைதானத்துக்கு நெஞ்சுவலி, என் மகள் ஈசிஜி எடுக்கிறாள் என்று நான் சொல்ல, தெருவே சிரித்தது. நீயும் சிரித்தாய். பிறகு அங்கே போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றி, பூமிக்கு அடியில் எது பாறை, எது தண்ணீர் நிற்கிற மணல் என்று கேக்கை வெட்டிக் காட்டுவது போலத் திருப்பித் திருப்பிக் காட்டினாய். நானும் அம்மாவும் வாயைப் பிளந்து பார்த்தோம். கடைசியில் தெருவுக்காக, மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரே ஒரு படம் அனுப்பினாய். கீழ் ஓரம் ரோடு. நீலம் தண்ணீர், செங்கல் நிறம் பாறை. ஆளுக்கொரு போர் போட்டு உறிஞ்ச வேண்டாம், எல்லோருக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று, அதை நீலத்தில் போடுங்கள் என்றாய். தாளில் அடித்து வாங்கியதும் அது எனக்குத் தாளாகத் தெரியவில்லை, என் மகள் வரைந்த படமாகத் தெரிந்தது. நேராக பிரேம் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர், ஓரத்துல பொடிப்பொடியா எழுத்து இருக்கு, பிரேமுக்குள்ள அடங்காதேண்ணே என்றார். எழுத்தை யாருப்பா படிக்கப் போறா, கலர் தெரிஞ்சா போதும், வெட்டுப்பா என்றேன் நான். இந்த வாயை என்ன செய்வது, நீயே சொல்.

படத்தைக் கடையில் பின்சுவரில், பெஞ்சுக்கு மேலே மாட்டினேன். பெஞ்சில் காத்திருக்கிறவர்களுக்கு அது முதுகுக்குப் பின்னால். நாற்காலியில் உட்காருகிறவர் எதிரே இருக்கிற பெரிய கண்ணாடியில்தான் அதைப் பார்ப்பார், அவர் பின்னால் நிற்கிற நானும் அந்தக் கண்ணாடியில்தான் பார்ப்பேன். நேருக்கு நேர் நான் பார்த்தது மாட்டின அன்றைக்கு மட்டும், அன்றைக்கு எனக்குப் பெருமைதான் தெரிந்தது, இடது வலது தெரியவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் முகத்தில் நுரையைப் பூசிவிட்டுப் பாடம் எடுத்தேன், பாவம் வாயைத் திறக்க முடியாதே. இதோ நீலம், ரோட்டில் நின்று பார்த்தால் இடது பக்கம், பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி. தெருவில் மீசை முளைத்தவனுக்கெல்லாம் அது மனப்பாடம். கண்ணாடிக்குள் எல்லாமே பக்கம் மாறித் தெரியும் என்பது, கண்ணாடி முன்னாலேயே நின்று பிழைக்கிற எனக்குத் தோன்றவே இல்லை. எழுத்து இருந்திருந்தாலாவது திரும்பித் தெரிந்து காட்டிக் கொடுத்திருக்கும், அதைத்தான் நான் வெட்டச் சொல்லிவிட்டேனே.

போர் வண்டிக்காரருக்கு வேறு இடத்து வேலை தள்ளிப்போய்விட்டது, இன்னைக்கே வர்றேன் என்று வந்து நின்றார். துளை போடுவதற்கு முன்னால் வீடியோ கால் போடுங்கப்பா, நான் பார்த்துச் சொல்றேன் என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். மாடித் தையற்காரம்மாகூட, பாப்பாவைக் கூப்பிடலையாண்ணே என்று கேட்டார். உனக்கு அப்போது அங்கே ராத்திரி. தூங்குற பிள்ளையை எதுக்கு எழுப்பணும், படம் என் மண்டைக்குள்ள இருக்கு என்று சொல்லி, பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக நானே குதிகாலால் கோடு கிழித்துக் காட்டினேன். சாயங்காலம் வரைக்கும் புழுதி, புழுதி, புழுதிதான். தெருவே பவுடர் போட்டுக்கொண்டு நின்றது. வெறும் பாறைங்க, இதுக்கு மேல இறக்கினா என் ராடுதான் போகும் என்று வண்டிக்காரர் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு நான் உனக்குப் போன் போட்டுப் பேசினது இப்போதும் காதில் நிற்கிறது. உன் கம்ப்யூட்டருக்கு ஒரு கண் டாக்டரைப் பாரும்மா, பாறையைப் பார்த்துத் தண்ணின்னு சொல்லிடுச்சு என்றேன். நீ, நான் காட்டின இடத்துலதானேப்பா போட்டீங்க என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாய். அச்சு அசல் அங்கேதான் என்று அடித்துச் சொன்னேன். நீ அதற்கு மேல் கேட்கவே இல்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாய்.

தெருவில் பேச்சு வளர்ந்தது. அந்தப் படத்தைக் கழட்டுய்யா, பார்த்தாலே தொண்டை காயுது என்று மரக்கடைக்காரர் சொன்னார். கழற்றிக் கையில் வைத்துப் பார்க்கிறேன், நீலம் வலது பக்கம் இருக்கிறது! அதைத் திருப்பிக் கண்ணாடியில் காட்டிப் பார்க்கிறேன், இடது பக்கம். வீட்டுக்கு ஓடி அம்மா போனில் நீ அனுப்பியதைத் திறந்து பார்த்தோம், நான் வெட்டின ஓரத்தில் நீலத்துக்குப் பக்கத்திலேயே மரக்கடை என்று அழகாக எழுதியிருந்தாய், பள்ளிக்கூடச் சுவருக்கு நேர் எதிர் ஓரம். நாங்கள் துளை போட்ட இடத்தில் செங்கல் நிறம். பாறை என்று நீ சொன்ன இடத்தில் பாறைதான் வந்திருக்கிறது, மகளே. உன் படம் ஒரு சொட்டுக்கூடப் பொய் சொல்லவில்லை.

கடையில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன், குற்றம் என் மகள்மேல் இல்லை, என்மேல் என்று. யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. தையற்காரம்மாதான், அப்போ குடத்தைக் கொண்டுவந்து உங்க கண்ணாடி முன்னாடி வெச்சிடறேண்ணே, ரொம்பிடும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சரியான பக்கத்தில் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன், வசூல் பண்ணின காசெல்லாம் அந்தப் பாறையிலேயே போச்சே என்று எழுந்து போய்விட்டார்கள். நான் எந்த முகத்தோடு வற்புறுத்துவது. மறுபடி லாரித் தண்ணீர்தான். தையற்காரம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, அவர் குடத்தை நான்தான் மாடிக்குத் தூக்கிக் கொடுக்கிறேன். அவர் வேண்டாம் என்று சொல்வதில்லை, நன்றி என்றும் சொல்வதில்லை. மூலை வீட்டுக்காரர் தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்துக் குடிபோகச் சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

தண்ணீர் போனதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொள்ளலாம். இத்தனை படித்து, இத்தனை பாடுபட்டுப் போட்ட படத்தை விட்டுவிட்டு என் பேச்சை நம்பினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எல்லாவற்றிலும் அப்பாவை நம்பு கண்ணு, பூமிக்கு அடியில் மட்டும் நம்பாதே. உன் அதிகாரி கேட்டால், பார்க்கத் தெரியாத ஆள் பார்த்துக் கெடுத்தார், அவர் என் அப்பாதான் என்று என்னைக் காட்டியே சொல், எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. நம் தெருவுக்கு நான் கெடுத்தது கெடுத்ததுதான். அங்கே உன் படத்துக்காகக் குடத்தோடு காத்திருக்கிறவர்களுக்கும் நானே கெடுத்தேன் என்று ஆக்கிவிடாதே.

நீ கால் வைக்கிற இடமெல்லாம் குளிர்ந்து கிடக்க வேண்டும். அறிக்கையை இந்த வாரமே கொடுத்துவிடு, மறக்காதே. கொடுத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னால் போதும், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கத் தெரியாத
அப்பா