விராலிமலைக்கு வராத முடி

18.8.1962, சனி

லண்டனிலிருந்து தங்கை சரசு கடிதம் போட்டிருக்கிறாள். இந்த லீவுக்கு வந்து விராலிமலையில் பிள்ளைக்கு முதல் முடி இறக்குவதாகச் சொல்லியிருந்தாள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் இறக்க வேண்டும். மூன்று வருடமாகக் காத்திருந்த மடி என்னுடையது.

வரவில்லை. டென்மார்க்கில் ஏதோ கேளிக்கைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். போட்டோவில் பிள்ளை ராட்டினக் குதிரையில் உட்கார்ந்திருக்கிறான். தலையில் கிராப்பு!

“முடி கண்ணை மறைக்குதுன்னு இவன் அப்பாதான் வெட்டிட்டாரு அண்ணே. முருகன் கோவிக்க மாட்டாரு. நீங்களும் கோவிக்காதீங்க” என்று எழுதியிருக்கிறாள்.

“மூக்கு அப்படியே ஒங்க மூக்கு. அதுக்கு மேல ஒங்க கோவம் மட்டும் வராம இருக்கணும்” என்றாள் என் மனைவி.

‘இனி என்னை மாமன் என்று அவனிடம் சொல்லாதே’ என்று பதில் எழுதினேன். மனைவி தடுத்தும் கேளாமல் சாயங்காலமே தபால் பெட்டியில் போட்டேன். எழுதியதில் தப்பில்லை.

போட்டோவின் பின்பக்கத்தை இப்போதுதான் பார்த்தேன். “‘விராலிமலை மாமா பாக்குறாரு, சிரி’ன்னோம். ஒடனே சிரிச்சான்.”

நாளை ஞாயிறு. பெட்டியைத் திங்கட்கிழமைதான் திறப்பார்கள். போட்ட கடிதத்தைத் திருப்பிக் கேட்கிற ஆள் நான் இல்லை.