உம் கொட்டியவளுக்கு

பக்கத்து நாற்காலிக்காரிக்கு,

பிரெயிலில்தான் எழுதுகிறேன். எனக்காகக் கற்றுக்கொண்டவளாயிற்றே, யாரும் உனக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

டெலிபோன் அறைக்கு நீ வந்த முதல் நாளே சொன்னேன்: "கண்ணு தெரியாதவகிட்ட தலையாட்டாதடி. வாயத் தொறந்து உம் கொட்டு."

பன்னிரண்டு வருஷம் கொட்டினாய். அம்மா போன கதைக்கும், என் கடி ஜோக்குகளுக்கும், "உம்... ஐயையோ... அப்புறம்?" என்று ஒன்றுவிடாமல் கொட்டினாய். சுவரோடு பேசுகிறேனோ என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

நேற்று மேனேஜர் என்னை வைத்துக்கொண்டே உன்னிடம் கேட்டார். "முதலாளி பேசிட்டு இருந்த லைனைக் கட் பண்ணது இவங்கதானா?"

கட் பண்ணியது உன் விரல். அது நம் இருவருக்குத்தான் தெரியும்.

உன்னிடமிருந்து ஒரு உம்கூட வரவில்லை. உண்மையைச் சொல்ல நா எழவில்லை போலும், பாவம் என்று உன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். "சரி, போகலாம்" என்றார் மேனேஜர்.

சாயங்காலம் வேலைநீக்கக் கடிதத்தைக் கொடுத்தபோதுதான் கிளார்க் சொன்னார்: "அவங்கதான் ஆமான்னு தலையாட்டிட்டாங்களேம்மா."

வாயைத் திறந்தே சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யையும் நான் கேட்டிருப்பேன்.

இப்படிக்கு,
நீ தலையாட்டும்போது உன் கையைப் பிடித்திருந்தவள்